வெள்ளிக் கூஜாவும் இரும்பு விலங்கும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் அண்ணன் வகுப்புக்கு வந்தபோது, "மெக்கானிக்கல்காரன்தானே நீ, சி.என்.சி. பற்றி ஏதாவது எழுதிக் கொடு" என்றார். சி.என்.சி. பற்றி எழுத நம் துறையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பற்றி. அந்தப் பெட்டி இருந்தது அமெரிக்காவில், பால்டிமோர் என்ற துறைமுக நகரத்தில். அதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னிடம் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. ஒரு படத்தில் பார்த்ததுதான்.

இங்கிலீஷ் மேடம் ஒருநாள் ஆளுக்கு ஒரு படம் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது என்று எழுந்து நின்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசு" என்றார்கள். எனக்கு வந்த படத்தில் வெள்ளிக் கூஜாக்கள், வெள்ளிக் கோப்பைகள். உடம்பு முழுக்கப் பூவும் கொடியுமாக வேலைப்பாடு. அவற்றுக்கு நடுவில் கறுப்பாக ஏதோ ஒரு இரும்புச் சாமான். வெள்ளியைப் பற்றி எப்படியோ நாலு வாக்கியம் ஒப்பேற்றிவிட்டேன். "நடுவில் இருப்பது?" என்றார்கள். தெரியவில்லை என்றேன். "ஷேக்கிள்ஸ்" என்றார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம்! ஷேக்கிள் நமக்குத் தெரியாதா? லாரியில் லீப் ஸ்பிரிங்கையும் சேஸிஸையும் இணைப்பதுதானே ஷேக்கிள். சுமை ஏறும்போது பட்டை தட்டையாகி நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது அதுதான். இதைத் தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லி முடித்தேன். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த ஷேக்கிள் அதுதான். மேடம் மட்டும் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அது இல்லப்பா... இது மனுஷனுக்குப் போடறது" என்றார்கள்.

அது அடிமைகளுக்குப் பூட்டிய விலங்கு. வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவில் அதை யார் கொண்டுபோய் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்? அன்றைக்கு ஆரம்பித்தேன். மேடம் கொடுத்த பக்கங்களையும் இணையத்தில் கிடைத்ததையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

மேரிலாந்து என்பது அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில் ஒரு மாநிலம். அதன் பெரிய நகரம் பால்டிமோர். அங்கே 1844-ல் மேரிலாந்து வரலாற்றுக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். (2020-ல் அதன் பெயர் மேரிலாந்து வரலாறு பண்பாட்டு மையம் என்று மாறிவிட்டது.) அந்த மாநிலத்து வீடுகளில் புழங்கிய நாற்காலி, மேசை, வெள்ளிச் சாமான், குழந்தை வண்டி, ஓவியம், கடிதம் எல்லாவற்றையும் அது சேர்த்து வைத்தது. மேரிலாந்தில் அடிமைமுறை ஒழிந்தது 1864 நவம்பர் 1-ம் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், கழகம் பிறந்தபோது இன்னும் இருபது வருஷம் பாக்கி! அங்கே போய்ச் சேர்ந்த சாமான்கள் பெரும்பாலும் எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1992-ல் பிரெட் வில்சன் என்ற கலைஞரை இந்தக் கழகத்துக்குள் அழைத்துக்கொண்டு வந்தார்கள். அழைத்தது பால்டிமோரிலேயே இருந்த 'தி கன்டெம்பரரி' என்ற அமைப்பு. அது அப்போது சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு மியூசியம்! வில்சன் 1954-ல் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர், கறுப்பினத்தவர். படிக்கிற காலத்தில் மியூசியத்தில் காவலாளி வேலை பார்த்தவர். சுவரோரமாக நின்று, "தொடாதீங்க, தள்ளி நில்லுங்க" என்று சொல்கிற வேலை.

அவர் 1991-ல் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நியூயார்க் விட்னி மியூசியத்தில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளை அவர் சந்தித்தார். கை குலுக்கிப் பேசினார். பிறகு, இன்னொரு கூடத்தில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் அங்கே போய்க் காத்துக் காத்து நின்றார்கள். ஆளைக் காணோம்! அவரோ அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், காவலாளி உடுப்பை மாட்டிக்கொண்டு. சற்றுமுன் கை குலுக்கியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் மாறவில்லை, சட்டைதான் மாறியது.

இந்த மனிதர் பால்டிமோர் கழகத்தின் கிடங்குக்குள் இறங்கினார். மாதக்கணக்கில் அலமாரி அலமாரியாகப் பார்த்தார். புதிதாக ஓவியம் வரையவில்லை, சிலை வடிக்கவில்லை. கழகத்தின் சாமான்களையே எடுத்து இடம் மாற்றி வைத்தார். அவர் செய்த கலை முக்கியமாக அதுதான். கண்காட்சிக்கு 'மைனிங் தி மியூசியம்' என்று பெயர் வைத்தார். மைனிங் என்றால் சுரங்கம் தோண்டுவது. மைன் என்றால் கண்ணிவெடி. மைன் என்றால் 'என்னுடையது' என்றும் அர்த்தம். மூன்றுமே பொருந்துகிறது.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வருகிறேன். வில்சன் அதற்கு வைத்த பெயர்ச் சீட்டு: 'உலோக வேலை, 1793-1880'. அவ்வளவுதான்! திட்டவில்லை, விளக்கவில்லை, ஆச்சரியக்குறி கூடப் போடவில்லை. (நானாக இருந்தால் நாலு போட்டிருப்பேன்.) மியூசியங்களில் வழக்கமாக எழுதுகிற அதே சப்பையான நடை. அதுதான் விஷயமே. மியூசியத்தில் சாமான்களை எப்படிப் பிரிப்பார்கள்? உலோகச் சாமான் ஒரு பக்கம், மரச் சாமான் ஒரு பக்கம், வாகனம் ஒரு பக்கம். நம் ஒர்க் ஷாப் ஸ்டோரிலும் அப்படித்தானே அடுக்குகிறோம்! அந்த விதிப்படி வெள்ளிக் கூஜாவும் உலோக வேலைதான், கால் விலங்கும் உலோக வேலைதான். விதியை வில்சன் மீறவில்லை, ஒழுங்காகக் கடைப்பிடித்தார். வழக்கமாகக் கூஜா கூடத்தில் இருக்கும், விலங்கு கிடங்கில் இருக்கும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு விஷயத்தை மறைக்கப் பொய் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு உண்மைகளை இரண்டு வேறு அலமாரிகளில் வைத்துவிட்டால் போதும்.

நம் துறைக் கண்ணோடு பார்த்தால் இன்னும் ஒன்று. அந்தக் கூஜாக்களின் வேலைப்பாட்டுக்கு ரெபூசே என்று பெயர். வெள்ளித் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி முன்பக்கம் பூவும் கொடியும் புடைத்து வரச் செய்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பால்டிமோர் இதற்குப் பெயர் போன ஊர். விலங்கு என்ன? கொல்லன் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து வளைத்தது. நாம் முதல் வருஷத்தில் போர்ஜிங் ஷாப்பில் கம்பியை அடித்து வளைத்தோமே, அதே முறை. ஆக இரண்டுமே சுத்தியல் வேலை. ஒன்றைத் தட்டியவன் வளைவு அழகாக வந்ததா என்று பார்த்திருப்பான். மற்றதைத் தட்டியவனும் பார்த்திருப்பான். கணுக்கால் அளவுக்குச் சரியாக வந்ததா என்று. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நடுங்குகிறது. ஜாப் முடிந்ததும் அளவு சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு மார்க் வாங்குகிறவர்கள்தானே நாம்!

கண்காட்சியில் இன்னும் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் சொன்னால் மலரில் இடம் போதாது, சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

'தச்சு வேலை, 1820-1960' என்று ஒரு பகுதி. நல்ல நல்ல நாற்காலிகள். கச்சேரி கேட்க உட்கார்ந்த மாதிரி எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருக்கும். எதைப் பார்த்து? சிலுவை மாதிரியான ஒரு மரக் கம்பத்தை. பால்டிமோர் நகரச் சிறையில் ஆளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பம் அது. 'போக்குவரத்துச் சாதனங்கள்' என்ற பகுதியில் ஒரு பழைய குழந்தை வண்டி. மெத்தை விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெறியர் கூட்டத்தின் முகமூடிக் குல்லா கிடக்கும். பக்கத்தில் ஒரு புகைப்படம், கறுப்பினத்து ஆயாக்கள் வெள்ளைக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது. குல்லாவை மட்டும் வைத்திருந்தால் சும்மா அதிர்ச்சி கொடுக்கிற வேலை என்று சொல்லியிருப்பேன். அந்தப் புகைப்படம் பக்கத்தில் இருப்பதால்தான் தொண்டை அடைக்கிறது. யார் வளர்த்த பிள்ளை, வளர்ந்து எதை மாட்டிக்கொண்டது!

கண்காட்சியின் ஆரம்பத்திலேயே ஆறு பீடங்கள். மூன்று வெள்ளைப் பீடங்கள் மேல் மூன்று பளிங்குத் தலைகள்: நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன். மூவரில் ஒருவர் கூட மேரிலாந்துக்காரர் இல்லை. மூன்று கறுப்புப் பீடங்களில் பெயர் மட்டும் இருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. ஹாரியட் டப்மன், பிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானக்கர். மூவருமே மேரிலாந்து மண்ணில் பிறந்தவர்கள். டப்மன் 1849-ல் அடிமைத்தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்ப வந்து மற்றவர்களையும் மீட்டுக்கொண்டு போனவர். டக்ளஸ் பால்டிமோர் கப்பல் பட்டறையில் வேலை செய்து, தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டு, 1838-ல் தப்பியவர். ஊர்க்காரர்களுக்குச் சிலை இல்லை, நெப்போலியனுக்கு இருக்கிறது!

என்னை அதிகம் படுத்தியது ஒரு ஓவியம். சுமார் 1710-ல் யூஸ்டஸ் குயூன் என்பவர் வரைந்தது. பணக்கார வீட்டுச் சின்னப் பையன் பட்டும் சரிகையுமாகக் கையில் வில்லோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவருக்கு அப்பால், இன்னொரு பையன். கறுப்பினத்துப் பையன். முதலாளிப் பையன் வேட்டையாடிய பறவை அவன் கையில். கழுத்தில் ஒரு பட்டை, வெள்ளிப் பட்டை. வெள்ளியும் விலங்கும் இங்கே ஒரே சாமானாகவே இருக்கிறது, பாருங்கள். அந்த ஓவியம் எத்தனையோ காலமாக வீட்டுப் பையனின் பெயரால்தான் தெரியும். வில்சன் மறைவாக ஒரு ஒலிபெருக்கி வைத்தார். அந்தக் கறுப்பினத்துப் பையனே பேசுவது போல ஒரு குரல் வரும்: நான் உனக்குத் தம்பியா, நண்பனா, இல்லை வளர்ப்புப் பிராணியா என்று. ஓவியத்தில் ஒரு கோடு மாறவில்லை. ஆனால் படத்தின் நாயகன் மாறிவிட்டான்.

கண்காட்சி 1993 பிப்ரவரி வரை நடந்தது. எல்லோரும் பாராட்டவில்லை, சிலருக்குக் கோபமும் வந்தது. சாமானைச் சாமானாகக் காட்டாமல் இப்படி ஒன்றோடொன்று மோத விடலாமா என்பது ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். எதை எதோடு சேர்த்து வைப்பது என்பது ஒருத்தர் எடுக்கிற முடிவு. வேறொருத்தர் வேறு மாதிரி சேர்ப்பார். ஆனால் கூஜாவை மட்டும் தனியாக விளக்கு வெளிச்சத்தில் வைத்ததும் ஒருத்தர் எடுத்த முடிவுதானே? அதற்கு யாரும் கோபப்படவில்லை. பிறகு வில்சன் உலகம் அறிந்த கலைஞரானார். 2003-ல் வெனிஸ் நகரத்துக் கலை விழாவில் அமெரிக்காவின் சார்பில் பங்கேற்றவர் அவர்.

கண்காட்சியின் முடிவில் இருந்தது பானக்கரின் குறிப்பேடு. காலிப் பீடத்துக்கு உரியவர் என்று சொன்னேனே, அவர்தான். மெக்கானிக்கல்காரர்கள் இவரைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. 1731-ல் அடிமையாக அல்லாமல் சுதந்திர மனிதராகப் பிறந்த கறுப்பினத்தவர், புகையிலை விவசாயி. இருபத்திரண்டு வயது வாக்கில் ஒருவரிடம் பாக்கெட் கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் வரைந்தார், அளவைப் பெரிதாக்கினார், மரத்தில் கத்தியால் செதுக்கினார். ஓடியது! மணி அடித்தது! நாம் மில்லிங் மெஷினில் இண்டெக்சிங் ஹெட் வைத்துப் பல் வெட்டுகிறோம். அப்படியும் என் கியரில் கடைசிப் பல் பாதியாக வந்து சாரிடம் திட்டு வாங்கினேன். அவருக்கு டிவைடிங் பிளேட் ஏது, மெஷின் ஏது? பிறகு ஐம்பது வயதுக்கு மேல், பக்கத்துத் தோட்டத்து நண்பர் கொடுத்த புத்தகங்களையும் கருவிகளையும் வைத்துக்கொண்டு வானியல் கற்றார். கிரகணம் கணித்தார். 1792 முதல் 1797 வரை அவருடைய பஞ்சாங்கங்கள் அச்சாகின. 1791-ல் தாமஸ் ஜெபர்சனுக்கே கடிதம் எழுதினார். எல்லோரும் சமம் என்று எழுதிய நீங்கள் எப்படி என் இனத்தாரை அடிமைகளாக வைத்திருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். கடிதத்தோடு தன் பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியையும் சேர்த்து அனுப்பினார், ஆதாரம் மாதிரி.

1806-ல் அவர் இறந்தார். அடக்கம் நடந்த நாளிலேயே அவர் வீடு தீப்பிடித்து எரிந்தது. மரக் கடிகாரம் போய்விட்டது. குறிப்பேடு தப்பியது. அதைத்தான் வில்சன் கடைசியில் வைத்தார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஒருநாள் ராத்திரி, அந்த வெள்ளிக் கூஜா படத்தை அம்மாவிடம் காட்டினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காலேஜ் சேர்க்கைப் படிவத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் நான் 'இல்லத்தரசி' என்று எழுதியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. என் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பணத்தில்தான் இங்கே படிக்கிறேன்.

அம்மா போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். விலங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "யாருடா தேய்ச்சது இந்த வெள்ளிய? இவ்வளவு பூ வேலையில இடுக்குல கறுப்பு நிக்குமே, துளிகூட இல்லையே" என்றார்கள். இப்போது மியூசியத்தில் இருக்கும் ஆட்கள் துடைப்பார்கள், அந்தக் காலத்தில் அடிமை வைத்திருந்த வீடுகளில் அடிமைகள்தான் தேய்த்திருப்பார்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "அப்ப ரெண்டையும் தொட்ட கை ஒரே கைதான்" என்றார்கள்.

நான் ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இரண்டு சுத்தியல்தான் தெரிந்தது. அம்மாவுக்குத் தேய்க்கிற கை தெரிந்தது. அவர்கள் போகிற ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் பூஜைச் சாமான் முழுக்கத் தேய்க்க வேண்டும். வெள்ளிக்குத் திருநீறு, பித்தளைக்குப் புளி. தேய்த்து முடித்ததும் அந்த வீட்டில் காபி தருவார்கள். அதற்கு ஒரு தனி டம்ளர். கொல்லைப்பக்க ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்று அடியில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு டம்ளர் அத்தனையையும் தேய்ப்பது அம்மாதான். ஆனாலும் புள்ளி!

அவர்கள் போன வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் போனார்கள். "உன் டம்ளரை எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அது இப்போது எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது.

போன மாதம் ஒருநாள் அதைப் பையில் போட்டு மெட்ராலஜி லேபுக்குக் கொண்டுவந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து வெர்னியர் வைத்து அளந்தேன். உயரம் 88.4 மில்லிமீட்டர். வாய் விட்டம் 71.2. அடியில் புள்ளி, குறுக்களவு 6.1, ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. எவர்சில்வர் தகடு, டீப் டிராயிங் முறையில் அழுத்தி எடுத்தது. வில்சன் எழுதின மாதிரியே ஒரு சீட்டு எழுதிப் பார்த்தேன்: 'டம்ளர்கள்' என்று. அந்த ஒரே சொல் போதும், பக்கத்தில் புள்ளி இல்லாத இன்னொரு டம்ளரை வைத்தால்.

நம் கல்லூரிக் கண்காட்சி நாளில் மாடல்களோடு அதையும் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வெச்சுக்கோ. ஆனா ராத்திரிக்குள்ள கொண்டாந்துடு, அரிசி அளக்க வேற டம்ளர் தோதுப்படாது" என்றார்கள்.